திருப்பாமல் விட்ட கடிகாரம்

கட்டிமா முலிலோ
12 ஏப்ரல் 1996

அன்புத் தங்கை நசிலேலேவுக்கு,

குளிர்காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும் என்று அரசாங்கம் முதன்முதலாகச் சொன்ன வருடம் நினைவிருக்கிறதா? உன் வீட்டு மேசையில் உட்கார்ந்து நான் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். நீ மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாய்: "அண்ணே, ஊர்ல இருக்கிறவங்க திருப்பிக்குவாங்க. கடல்ல இருக்கிறவங்களுக்கு யாரு திருப்புவாங்க?"

வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா? "படகை ஒரு சின்ன ஊருன்னு வச்சுக்கோ. அதுக்கு ஒரு தலைவரு. அவரு சொன்னா எல்லாரும் திருப்பிக்குவாங்க" என்றேன். உன் வீட்டுக்காரர் லுபிந்தா விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், எங்க தலைவருக்கு அவரு கைக்கடிகாரம் எங்க கெடக்குன்னே தெரியாது."

போன ஞாயிறு நாடு முழுவதும் கடிகாரத்தைத் திருப்பியதிலிருந்து அந்தக் கேள்விதான் என்னைச் சுற்றி வருகிறது. லுபிந்தாவின் படகு கடலுக்குப் போய் ஐந்து வாரமாகிறது. தேடப் போனவர்களும் திரும்பிவிட்டார்கள். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

இங்கே எங்களுக்குத் திருப்பும் வேலை இல்லை. எங்கள் கப்ரிவிப் பகுதி நாட்டின் கிழக்குக் கோடியில் இருப்பதால் சட்டத்தில் எங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். வானொலி ஆறு மணி என்றால் நாங்கள் ஏழு என்று எழுந்துகொள்கிறோம். தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து வரும் பேருந்து எங்கள் எல்லைக்குள் நுழைந்தவுடன் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடுகிறது. பாவம், ஓட்டுநர் எந்தத் தப்பும் செய்யவில்லை.

லுபிந்தாவின் அண்ணன்மார் புகாலோவிலிருந்து இரண்டு முறை வந்தார்கள். துக்க நெருப்பை எப்போது மூட்டுவது என்று கேட்கிறார்கள். நீ வராமல் யாரும் மூட்ட முடியாது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, இல்லையென்றால் நானே வந்து அழைத்து வந்திருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு. உன் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பிவிட்டாயா?

அன்புடன் அண்ணன்,
மபுகு


வால்விஸ் பே
30 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நான் சாப்பிடுகிறேன், வேலைக்கும் போகிறேன். இந்த வாரம் தொழிற்சாலையில் மத்தி மீன் நிறைய.

கடிகாரத்தைத் திருப்பவில்லை. அதை நான் என்றைக்கு அண்ணா திருப்பியிருக்கிறேன்? ஜெர்மன்காரர் வீட்டு ஏலத்தில் வாங்கி வந்த நாளிலிருந்து அது அவர் ஒருவர் கைக்குத்தான் அடங்கும். முள்ளைப் பின்னால் தள்ளினால் மணிக்கணக்கு குழம்பிவிடும். நீங்களே ஒருமுறை விரலால் தள்ளிவிட்டுப் போனீர்கள். முள் ஐந்தில் நிற்கும், மணி ஆறு அடிக்கும். அவர் கடலிலிருந்து வரும் வரை எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. வந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரு கூட்டல் மட்டும் சொல்லிக் கொடுக்கட்டும், கழித்தலை என்கிட்ட விட்டுடச் சொல்லு" என்றார்.

அவர் செய்யும் விதம் வேறு. பெண்டுலத்தை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நேரம் கடந்ததும் மறுபடி ஓட விடுவார். கடலில் இருக்கும்போது ஊர் திருப்பிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் அதுதான் முதல் வேலை. பூட்ஸைக்கூடக் கழற்ற மாட்டார். முடித்த பிறகுதான் கால் கழுவ நான் வெந்நீர் வைப்பேன்.

இந்த முறை அவர் போனது பழைய நேரத்தில். ஊர் திருப்பியது அவருக்குத் தெரியாது. நானும் திருப்பிவிட்டால் எந்த நேரத்துக்கு என்று அவர் வருவார்?

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, மேமே லோய்தே, திட்டுகிறார். அவருடைய மகன் நங்கோலோவும் அதே படகில்தான் போனான். ஆனால் அவர் தன் வீட்டுக் கடிகாரங்கள் எல்லாவற்றையும் சனிக்கிழமை சாயங்காலமே திருப்பிவிட்டார். பையனின் சட்டைகளைத் தேவாலயத்தில் கொடுத்துவிட்டார். "சர்க்கார் திருப்பச் சொன்னா திருப்பணும்டி. நீ ஒருத்தி மட்டும் நாட்டுக்கு முன்னாடி ஓடினா மூச்சு வாங்கும்" என்கிறார்.

படகு எப்போதும் காலை ஆறு மணிக்குத்தான் வரும். நம் கடிகாரத்தில் ஆறு ஆவதற்குள் பழைய மரப் படகுத்துறைக்குப் போய்விடுகிறேன். அப்போது ஊருக்கு ஐந்துகூட ஆகியிருக்காது. ஒரு ஆள் இருக்க மாட்டான். மூடுபனி மட்டும் இருக்கும்.

தங்கை,
நசிலேலே


கட்டிமா முலிலோ
16 மே 1996

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்ன ஒத்தடம் கொடுக்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை.

கடிகாரத்தை அப்படியே வைத்திரு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் தபால் நிலையத்தில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள், ஒன்று தலைநகருக்கு, ஒன்று எங்களுக்கு. ஒரு கிழவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டுல எது ஓடாத கடிகாரம்?" என்று கேட்டார். அஞ்சல்காரர், "ரெண்டும் ஓடுது தாத்தா, நாமதான் நிக்கிறோம்" என்றார். சிரித்தாயா?

ஆனால் துறைக்குப் போவது வேறு. பள்ளியில் ஒரு பையன் வரவில்லை என்றால் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இடம் விட்டு வைப்போம். அவனைத் தேடி வகுப்பையே ஆற்றங்கரைக்கு அழைத்துப் போக மாட்டோம். உன் வீட்டில் அவருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாய், அது போதும். இருட்டில், ஈரப் பலகையில் நிற்க வேண்டாம். உன்னோடு அங்கே வேறு யாராவது வருகிறார்களா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
மபுகு


வால்விஸ் பே
10 ஜூன் 1996

அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே.

யாரும் என்னோடு வருவதில்லை. ஆனால் நான் தனியாக இல்லை. மூன்று வாரமாகப் பனிக்குள் இன்ஜின் சத்தம் கேட்கிறது. அவர்கள் படகின் இன்ஜின்தான். இரண்டு துடிப்புக்கு ஒரு இருமல், எனக்குத் தெரியாதா? துறை வரைக்கும் வருவதில்லை. நேற்று கடைசிப் பலகை வரை போய் நின்றேன். அங்கே நின்றால் இன்னும் நன்றாகக் கேட்கிறது. ஆட்கள் பேசுவதுகூடக் கேட்கிறது, வார்த்தை மட்டும் பிடிபடவில்லை.

ஊருக்கு ஆறு மணியானதும் சத்தம் நின்றுவிடுகிறது. நம் கடிகாரத்தின் ஆறுக்கும் ஊரின் ஆறுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவர்களுக்கு விட்டு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

கடைசிப் பலகைக்கு அப்பால் தண்ணீர் அவ்வளவு ஆழம் இல்லை என்று நினைக்கிறேன்.

நசிலேலே


கட்டிமா முலிலோ
12 ஜூலை 1996

மதிப்புக்குரிய மேமே லோய்தே அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் பக்கத்து வீட்டு நசிலேலேயின் அண்ணன். அன்று உங்கள் வீட்டில் மாட்டுக்கால் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேனே, அந்த ஆள். உங்கள் இழப்புக்கு இதுவரை ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டு இப்போது உதவி கேட்டு எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும்.

ஜூன் பத்தாம் தேதிக்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் இல்லை. நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. கடைசிக் கடிதத்தின் கடைசி வரியை உங்களுக்கு எழுதிக் காட்டவே எனக்குத் துணிவில்லை. விடியுமுன் அவள் மரத்துறையின் முனையில் போய் நிற்கிறாள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். எப்படியாவது அவளை அந்தப் பலகையிலிருந்து இறக்கிவிடுங்கள். நான் ஊன்றுகோல் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாத நிலையில் இருக்கிறேன். என்ன செய்வீர்களோ, உங்கள் விருப்பம்.

தாழ்மையுடன்,
மபுகு


வால்விஸ் பே
27 ஜூலை 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம், மிகவும் நலம். பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தேன். தொழிற்சாலைச் சங்கு ஊதி அப்போதுதான் ஓய்ந்தது. கதவைத் திறந்தால் கடிகாரம் ஊர் நேரத்தைக் காட்டுகிறது. முள் ஐந்தைத் தாண்டி நிற்கிறது. கையிலிருந்த பையைக்கூட இறக்காமல் அதன் எதிரே உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு ஆறு அடித்தது. ஏழுக்கு ஏழு. எண்ணிக்கொண்டே இருந்தேன், ஒன்றுகூடக் கூடவில்லை. வாசல் மணல் பனியில் நனைந்து கிடந்தது. அதில் பூட்ஸ் தடம்.

அடுப்பில் வெந்நீர் வைத்தேன். ஆறியதும் வாசலில் ஊற்றினேன்.

மறுநாள் விடிகாலை துறைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்த மனுஷனைத் தேடி வெளியே போவார்களா? இப்போது தூங்குகிறேன் அண்ணா. அங்கே வருகிறேன். கடிகாரத்தையும் எடுத்து வருகிறேன், சம்மதம்தானே?

நசிலேலே


வால்விஸ் பே
15 ஆகஸ்ட் 1996

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் தங்கை இதற்குள் வந்து சேர்ந்திருப்பாள். கடிகாரத்தைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். நடத்துநர், "குழந்தைக்கு டிக்கெட் வேணாமா?" என்று கேட்டான். "இது என்னைவிட மூத்ததுடா" என்றாள். சிரித்தாள் ஆசிரியரே. மார்ச்சுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் முன்னால் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். அந்தக் கடிகாரத்தைத் திருப்பியது நான்தான்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் விடிகாலை அவள் பின்னாலேயே போனேன். முனையில் நின்றாள். ஒரு கால் பலகையில் இருந்தது. இன்னொரு கால் எதன்மேலும் இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். "கேக்கலையா மேமே, அவங்க வர்றது கேக்கலையா?" என்றாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்று சொல்லிக் கூட்டி வந்தேன்.

புத்தி சொல்லி ஆகாது என்று தெரிந்துவிட்டது. அவர் வந்தால் முதலில் கடிகாரத்தைத்தான் திருப்புவார் என்று அவளே நூறு முறை சொல்லியிருக்கிறாள். அவள் வேலையில் இருந்தபோது, என்னிடம் இருக்கும் சாவியால் திறந்தேன். செருப்பை என் வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனேன். விரலால் முள்ளை ஒரு சுற்று பின்னால் தள்ளினேன். வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

பொய்தான். ஆனால் உயிரோடு பேருந்து ஏறினாள். பாவமா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு எருமைக் கொழுப்பு தடவிப் பாருங்கள்.

லோய்தே


கட்டிமா முலிலோ
5 செப்டம்பர் 1996

மதிப்புக்குரிய மேமே லோய்தேவுக்கு,

கொழுப்பு தடவினேன். வலி குறைந்திருக்கிறது, அந்த நாற்றத்துக்கு விருந்தாளிகளும் குறைந்திருக்கிறார்கள். நசிலேலே நலம். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது.

நீங்கள் செய்தது பாவமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது என்று. அந்த நிம்மதி அடுத்த மணி அடிக்கும் வரைதான் இருந்தது.

கடிகாரம் என் முன்னறையில் மாட்டியிருக்கிறது. அப்போது முள் ஐந்துக்கு வந்தது. மணி ஐந்து அடித்தது. நீங்கள் விரலால் பின்னுக்குத் தள்ளியது உண்மையானால் அது ஆறு அடித்திருக்க வேண்டும். நானே ஒருமுறை அப்படித் தள்ளிக் கெடுத்துப் பேர் வாங்கியவன். ஒரு மாணவன் தப்பாகப் போட்ட கணக்கை யாரோ அழித்துச் சரியாகப் போட்டு வைத்த மாதிரி இருந்தது. நீங்கள் போன பிறகு, அவள் வருவதற்கு முன், அந்த வீட்டுக்கு வேறு யாராவது போனார்களா?

இன்னொன்றும் இருக்கிறது. பயணத்தில் நின்றுபோன கடிகாரத்தை, அதன் முள் காட்டிய நேரத்தை வானொலி சொல்லும் வரை காத்திருந்து நசிலேலே மறுபடி ஓட விட்டாள்; அதனால் அது இங்கேயும் உங்கள் ஊர் நேரத்தில்தான் ஓடியது. எங்கள் நேரத்துக்கு மாற்றவா என்று கேட்டேன். "நீங்க தொடாதீங்க அண்ணே" என்றாள். சரி என்று கண்ணாடிக் கதவைப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வானொலியும் அதுவும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.

போன ஞாயிறு நாடெங்கும் மறுபடி முன்னால் திருப்பும் நாள். எங்கள் ஊரில் அது யாருக்கும் நினைவில்லை, நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தபோது கடிகாரம் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் போயிருந்தது. கண்ணாடிக் கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி என் பையில்.

"நீயா?" என்று கேட்டேன். "உங்ககூடத்தானே அண்ணே பாடிக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தாள்.

அன்று மாலை அவளாகவே சொன்னாள்: "புகாலோவுக்குச் சொல்லி அனுப்புங்க. நெருப்பு மூட்டலாம். இந்த ஊர்ல கடிகாரத்தைத் திருப்பற வேலையே இல்லையே அண்ணே. இனி அவருக்கு எதுக்கு அலைச்சல்?"

நேற்று இரவு மூட்டினோம். அவள் அழுதாள். நன்றாக, வாய்விட்டு அழுதாள்.

நன்றியுடன்,
மபுகு


வால்விஸ் பே
24 செப்டம்பர் 1996

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நசிலேலே அழுதது நல்லது. அவளுக்கு உலர்ந்த மீன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் போன பிறகு யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. நான் என் வாசலிலேயே உட்கார்ந்து பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சாவி என் இடுப்பில் இருந்தது. விரலால்தான் தள்ளினேன் என்று வேதப் புத்தகத்தின்மேல் சத்தியம் செய்கிறேன். பழைய கடிகாரம், அதுவாகவே ஏதாவது செய்திருக்கும். வாத்தியார்கள் எல்லாவற்றையும் ரொம்ப யோசிக்கிறீர்கள்.

நாங்களும் அந்த ஞாயிற்றுக்கிழமை முன்னால் திருப்பினோம். என் வீட்டில் எல்லாக் கடிகாரங்களும் சரியாக ஓடுகின்றன. எப்போதுமே சரியாகத்தான் ஓடின. ஏப்ரலிலும் நான்தான் இந்தத் தெருவில் முதலில் திருப்பினேன்.

இங்கே பனி குறைந்துவிட்டது. மீன் வரத்தும் குறைவு.

ஒன்று கேட்க வேண்டும். நீங்களாகக் கேட்பது போல அவளிடம் கேளுங்கள், நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அன்று வாசல் மணலில் பூட்ஸ் தடம் பார்த்தேன் என்றாளே. அது ஒரு ஆளுடைய தடம்தானா?

லோய்தே


கட்டிமா முலிலோ
9 அக்டோபர் 1996

அன்புள்ள மேமே லோய்தேவுக்கு,

மீன் வந்து சேர்ந்தது. சோளக் களியோடு சாப்பிட்டோம். இருவரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

நானாகக் கேட்பது போலத்தான் கேட்டேன். அவள் அடுப்பில் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "மேமே கேட்டாங்களா?" என்றாள். முப்பது வருடம் வகுப்பெடுத்தும் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை, தலையாட்டிவிட்டேன்.

அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"ரெண்டு பேரு தடம் அண்ணே. பெரிய தடம் எங்க வாசலுக்கு வந்துச்சு. இன்னொண்ணு சின்னது, வலது குதிகால் தேஞ்சது. அது மேமே வாசல் வரைக்கும் போச்சு. அங்க நின்னிருக்கு, மணல் நல்லா அழுந்தியிருந்துச்சு. அப்புறம் திரும்பிடுச்சு. அந்த வீட்டுல அவனுக்குத் திருப்ப ஒண்ணும் மிச்சம் வைக்கலையே. மேமே கிட்ட இதை எப்படிச் சொல்ல? அதான் அன்னிக்கே துடைப்பத்தை எடுத்துக் கூட்டிட்டேன்."

நங்கோலோவின் பூட்ஸில் எந்தக் குதிகால் தேய்ந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எனக்கு இதில் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. எடுத்துக்காட்டும் இல்லை. ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள். வரும் ஏப்ரலில் ஊர் முழுக்கக் கடிகாரத்தைத் திருப்பும்போது, உங்கள் வீட்டில் ஒன்றை மட்டும் திருப்பாமல் விட்டு வையுங்கள்.

மபுகு